முட்டுக்காட்டில் காற்று திரும்புமுன்

பாரிவாக்கத்துக்காரர்களுக்குத் தண்ணீர் புதிதல்ல. ஊரிலேயே ஏரி இருக்கிறது. ஒரு பக்கம் பருத்திப்பட்டு, இன்னொரு பக்கம் செம்பரம்பாக்கம், திருவேற்காடு போனால் கூவம். ஆனால் செம்பரம்பாக்கம் குடிநீர் ஏரி. கூவத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். கயாக் ஓட்ட ஆசையென்றால் முட்டுக்காடுதான். பிச்சாவரம் இதைவிட அழகு. ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்பினால் பொழுதில் பாதி வண்டியிலேயே கழிந்துவிடும்.

நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் என்று நகருக்குள் நுழையாமலே போய்விடலாம். விடியுமுன் கிளம்புங்கள். கயாக் வாடகைக்கு விடுபவர்களிடம் முதல் நாளே பேசிவிடுங்கள்.

சீக்கிரம் போகச் சொல்வது வெயிலுக்காக மட்டுமல்ல, காற்றுக்காகவும்தான். முட்டுக்காட்டில் கடல் கிழக்கே. உப்பங்கழி மேற்கே உள்வாங்கி, பிறகு தெற்கே கேளம்பாக்கம் உப்பளங்கள் பக்கம் போகிறது. காலையில் தரைக்காற்று மெல்ல வீசும். அதை எதிர்த்து உள்ளே போவது பெரிய பாடில்லை. வெயில் ஏற ஏறக் கடற்காற்று எழும். அப்போது திரும்பினால் களைத்த கையோடு எதிர்காற்றில் துடுப்புப் போட வேண்டும். அதனால் தோள் வலிக்கும்வரை போகாமல், கடிகாரத்தைப் பார்த்துத் திரும்புவது என் வழக்கம். கடற்காற்று எழுமுன் கரையேறிவிட வேண்டும்.

இறங்குமுன் அங்குள்ள மீனவர்களிடம், "அண்ணே, முகத்துவாரம் திறந்திருக்கா? தண்ணி ஏறுதா, வத்துதா?" என்று கேளுங்கள். மணல் மேடு அடைத்திருக்கும் மாதங்களில் கழி குளம்போலக் கிடக்கும். திறந்திருந்து தண்ணீரும் வற்றினால் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தின் பக்கம் போகவே கூடாது; இழுப்பு கடலை நோக்கி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பயணமே வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை வந்தால் வாரை இறுக்க வேண்டும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதேதான். ஆழமில்லாத இடத்தில் தரைதட்டினால் வெறுங்காலோடு இறங்காதீர்கள். சிப்பி ஓடு காலைக் கிழித்துவிடும். வார் வைத்த பழைய செருப்பே போதும், விலை உயர்ந்த ஷூவெல்லாம் வீண். படகு இல்லத்து மோட்டார் படகுகள் கடந்தால் கயாக்கின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்புங்கள். பக்கவாட்டில் வாங்கினால்தான் கவிழும்.

சாப்பாட்டைக் கரையேறியபின் கேளம்பாக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டிலை மட்டும் கயாக்கில் கட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையானால் கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலாவதற்குள் வண்டலூர் பக்கம் திரும்பிவிடுவது நல்லது.