கையெழுத்துக்குப் பிறகு

திருவாலங்காடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நடந்ததை உன் அம்மா போனில் சொன்னாள். ஹெச்.ஆர். அறையில் மாலைவரை உட்காரவைத்து, ‘விருப்ப ஓய்வில் போ, இல்லையென்றால் விசாரணை வைத்து வெறுங்கையோடு அனுப்புவோம்’ என்று மிரட்டி எழுதி வாங்கியிருக்கிறார்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று நீ சோர்ந்து படுத்திருக்கிறாயாம். எழுந்திரு. வற்புறுத்தி வாங்கிய சம்மதத்தை ரத்து செய்ய 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே இடம் தருகிறது.

ஆனால் மிரட்டினார்கள் என்று வாயால் சொன்னால் எந்த நீதிமன்றமும் ஏற்காது. இன்றிரவே எழுது. யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், போனை வாங்கி வைத்தார்களா, அவகாசம் கேட்டாயா, வீட்டுக்கு என்ன மெசேஜ் அனுப்பினாய், எல்லாவற்றையும். அதே நாளில் வேறு யாராவது அதே அச்சடித்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்களா என்று விசாரி. ஒரே வாசகத்தில் பத்துப் பேர் ‘சொந்த விருப்பம்’ எழுதியிருந்தால் அதுவே பெரிய சாட்சி.

எனக்குப் பெரிய கவலை பணம்தான். 2000-த்தில் அரசு வங்கிகள் விருப்ப ஓய்வு அறிவித்தன. விண்ணப்பித்த பலர் பின்னர் மனம் மாறினார்கள். பேங்க் ஆஃப் இந்தியா – ஸ்வர்ணகார் வழக்கில் 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: நிர்வாகம் ஏற்கும் முன்பே விண்ணப்பத்தைத் திரும்பப் பெறலாம், திட்டத்தில் அதற்குத் தடை எழுதியிருந்தாலும். ஆனால் ஓய்வுப் பணத்தை எடுத்துப் பயன்படுத்தியவர்களால் பிறகு பின்வாங்க முடியவில்லை. அதனால் விருப்ப ஓய்வுக்கென்று உன் கணக்கில் விழுந்த கூடுதல் தொகையைத் தொடாதே, தங்கை கல்யாணத்துக்கானாலும். கிராஜுவிட்டி, பி.எஃப். வேறு, அவை நீ உழைத்துச் சேர்த்தவை.

கம்பெனிக்கு உடனே கடிதம் எழுது. அதில் மூன்று விஷயம் இருக்கட்டும்: மிரட்டி வாங்கிய கையெழுத்து, அதை ரத்து செய்கிறேன், கூடுதல் தொகையைத் திருப்பித் தரத் தயார். கையெழுத்திட்ட தாளின் நகலையும் கேள். ஸ்பீடு போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்பு. நாள் போகப்போக மௌனம் சம்மதம் போலத் தெரியும். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் சமரச அலுவலரிடம் போக இரண்டு ஆண்டுதான். பழைய சட்டத்தின் மூன்று ஆண்டை நம்பி இருந்துவிடாதே.

உன் அடையாள அட்டையில் ‘சூப்பர்வைசர்’ என்று இருப்பதைக் காட்டி, சட்டப்படி நீ தொழிலாளியே இல்லை என்பார்கள். மெஷினில் நின்றதற்கு ஷிப்ட் சீட்டுகளைத் தேடி எடு. ஞாயிற்றுக்கிழமை அரக்கோணம் லோக்கலில் வா, நியமன ஆணையோடு. திருவள்ளூரில் தொழிலாளர் வழக்கு நடத்தும் வக்கீலைச் சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
உன் மாமா