பச்சைமலைக் காற்றும் சில நம்பிக்கைகளும்

பரங்கிமலையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் நோக்கிப் போனால் திரிசூலம், பல்லாவரம், பச்சைமலை என்று குன்றுகள் கூடவே வரும். விடுமுறை நாட்களில் இவற்றின் மொட்டைப் பாறைகள் மேல் ஏறி, காற்று வாங்கி, விமானம் இறங்குவதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களோடு சேர்ந்து சில நம்பிக்கைகளும் மேலே ஏறுகின்றன.

"மலைக் காத்து பட்டா நெஞ்சு நோவெல்லாம் போயிடும்" என்பது அவற்றில் மூத்தது. இதை வெறும் பாட்டிக் கதை என்று தள்ளவும் முடியாது; ஒரு காலத்தில் மருத்துவமே இதைத்தான் சொன்னது. டாக்டர் டேவிட் சவுரிமுத்து இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் காசநோய் சானடோரியம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் 1917இல் அங்கே சிறிது காலம் சிகிச்சை பெற்றார். தாயகம் திரும்பிய சவுரிமுத்து, 1928இல் பச்சைமலை அடிவாரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் அது இருக்கிறது. திறந்த காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு. அன்றைக்குக் கையில் இருந்த வைத்தியம் அவ்வளவுதான்.

மருந்துகள் வந்தபின் கணக்கு மாறியது. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒரே மருந்துகளைக் கொடுத்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினார்கள். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தார்கள். 1959இல் வெளியான அந்த முடிவு, உலகெங்கும் சானடோரியங்களின் தேவையையே கேள்விக்குள்ளாக்கியது. குணமாக்கியது மருந்து, காற்றல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் போக வேண்டிய இடம் குன்றல்ல, சளிப் பரிசோதனைக் கூடம்.

அடுத்தது, "மேலே போனா குளு குளுன்னு இருக்கும்." ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. பரங்கிமலையின் உயரம் சுமார் 300 அடி. அதில் ஒரு டிகிரிகூடக் குறையாது. மேலும், இந்தக் குன்றுகளின் கல் சார்னோகைட் என்னும் கரும்பாறை. வெயிலை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும்.

காற்று அடிக்கிறதே என்பார்கள். அங்கேதான் ஏமாற்றம். காற்றின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் அது உடம்புச் சூட்டை எடுத்துப் போவதில்லை, கூட்டுகிறது. உடம்பைக் காப்பது வியர்வை ஒன்றுதான். மே, ஜூனில் மேற்கேயிருந்து வரும் வறண்ட காற்றில் அதுவும் உடனே உலர்ந்துவிடுவதால், உடம்பில் நீர் வற்றுவதே தெரியாது. மேல்காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்றும் தாமதமாகத்தான் வரும். 2003 மே மாதம் சென்னை 45 டிகிரியைத் தொட்டது. அதுகூட நிழலில் அளந்தது.

இடி இடித்தால் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்வது மனத்துக்குத் தைரியம், தலைக்குக் காப்பல்ல. மரமில்லாத பாறை முகட்டில் உயரமான பொருள் அங்கே நிற்கும் மனிதர்தான். ரப்பர் செருப்பு மின்னலைத் தடுக்காது, ஒற்றை மரமும் அடைக்கலம் தராது. மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே 30 விநாடி இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டரில் இருக்கிறது. அடுத்தது தலைக்கு மேலேயே விழலாம்.

ஆகவே விடியற்காலையில் ஏறி ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். காப்புக்காட்டு எல்லை என்றால் வனத்துறையிடம் முதலில் அனுமதி வாங்குங்கள்.