எல்லா ஷீட்டிலும் 18

ஹவுஸ் சர்ஜனாக இந்த வாரம் வார்டுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு, ஓய்வுபெற்ற ஒரு மருத்துவன் சொல்லிக்கொள்வது. நாற்பது பேர் படுத்திருக்கும் வார்டில் நாற்பது கேஸ் ஷீட்டிலும் மூச்சு எண்ணிக்கை 18 என்றே இருக்கும். நானும் அப்படி எழுதியவன்தான்.

1. எண்ணி எழுதுங்கள், முழுசாக ஒரு நிமிடம். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார்.

2. ஆக்சிஜன் குறைவதால்தான் அடுத்த மூச்சு வருகிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சாதாரண நேரத்தில் மூச்சை ஓட்டுவது கரியமில வாயு. ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். ரத்தத்தில் அதன் அழுத்தம் 40 மி.மீ. பாதரசம், ஓரிரண்டு ஏறினாலே முகுளத்துச் செல்கள் அமிலத்தை உணர்ந்து மூச்சைக் கூட்டிவிடும். ஆக்சிஜனுக்குக் காவல் வேறிடத்தில். கழுத்தில் கரோடிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசிமணி அளவில் ஒரு திசு. ஆக்சிஜன் அழுத்தம் 60க்குக் கீழே இறங்கும்வரை அது பெரிதாகச் சத்தம் போடாது. இதற்காக பெல்ஜியத்தின் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் கிடைத்தது. அந்தத் திசு ரத்தத்தின் ருசி பார்க்கிறது என்று அவருக்கு முன்பே ஊகித்தவர் ஸ்பெயினின் டி காஸ்ட்ரோ. பரிசில் அவருக்கும் பங்கு தந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

3. “மூச்சுத்திணறல் இல்லை” என்று நோயாளி சொன்னால் நிம்மதி அடையாதீர்கள். 2021 மே மாதம், கொரோனா வார்டில் ஒருவர் போனில் பேசிக்கொண்டே இட்லிக்குச் சட்னி வரவில்லை என்று என்னிடம் சண்டை போட்டார். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் செறிவு 78 சதவீதம் என்று காட்டியது. கருவி பழுது என்று நினைத்து வேறொன்றை மாட்டினேன், அதுவும் 78. எண்ணிப் பார்த்தேன், மூச்சு 32. கழுத்துக் காவல் கூவிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆனால் வேகமான மூச்சில் கரியமில வாயு வெளியேறிவிட்டதால், திணறல் என்ற உணர்வு அவருக்கு எழவேயில்லை. சட்னி கதையை நான் இன்றும் வகுப்பில் சொல்வேன்.

4. மூடிய அறையில் கரி அடுப்போ ஜெனரேட்டரோ ஓடி மயங்கி வந்தவரிடம் விரல் கருவியை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது 98 என்றே காட்டும். கரோடிட் திசுவும் ஏமாறும்: அது பார்ப்பது ஆக்சிஜனின் அழுத்தத்தை, அளவை அல்ல.

5. சர்க்கரை நோயாளி ஆழமாக, இழுத்து இழுத்து மூச்சு விட்டால் ஆஸ்துமா என்று நெபுலைசர் வைக்காதீர்கள். ரத்தத்தில் ஏறிய அமிலத்தை உடம்பு மூச்சு வழியே கழிக்கிறது. குஸ்மால் 1874இல் எழுதியது இதைத்தான். அந்த நோயாளிக்குக் குழாய் போட்டு வென்டிலேட்டரில் 14 என்று வைத்தீர்களானால், அந்த வழியை நீங்களே அடைத்தவர்கள் ஆவீர்கள்.

6. பல வருஷம் பீடி குடித்து நுரையீரல் கெட்டவருக்கு ஆக்சிஜன் 88 முதல் 92 வரை போதும். அதற்கு மேல் கொடுத்தால் மூச்சுத் தூண்டல் அணைந்துவிடும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அது பாதிக் கதை. காற்றோட்டமில்லாத பகுதிகளுக்கு ரத்தம் திரும்பிவிடுவதும் பெரிய காரணம். அதற்காக ஆக்சிஜனே கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். குறைந்தால் சீக்கிரம் சாவார்.

7. கரோடிட் திசு தனியாகத் தூண்டப்பட்டால் இதயத்துடிப்பு குறையும், ரத்தக்குழாய்கள் சுருங்கும். பெரியவர்களிடம் இது தெரியாது, வேகமான மூச்சு துடிப்பைக் கூட்டி அதை மறைத்துவிடும். மூச்சு ஓய்ந்துவரும் குழந்தைக்கு அந்த மறைப்பும் இல்லை. ஆக்சிஜன் கிடைக்காத இதயமும் துவளும். குழந்தையின் நாடி மெதுவானால் கை முதலில் ஆம்பு பைக்குப் போகட்டும், அட்ரோபினுக்கு அல்ல.

8. ஆபரேஷன் முடிந்து மார்ஃபின் போட்டவர், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், கருவியில் 98, அமைதியான தூக்கம். எண்ணினால் மூச்சு 7. ஆக்சிஜன் நிறைந்திருக்கும், கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும், அதை உணர வேண்டிய முகுளம் மருந்தில் மழுங்கிக் கிடக்கும். நாலாக்சோன் எந்த அலமாரியில் இருக்கிறது என்று டியூட்டி ஏறும்போதே சிஸ்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.