வெள்ளிக் காதுக் குருவியை அறிவோம்

இருள் பிரியும் முன்பே பால்மரம் வெட்டச் செல்லும் நமக்குப் பறவைகளின் குரல் புதிதன்று. தோட்டத்து மைனாவையும் சிட்டுக்குருவியையும் நாம் நன்கு அறிவோம். ஆயின், தாழ்நிலத்தில் காண இயலாத மலைக்காட்டுப் பறவைகள் பலவும் நம் நாட்டில் உள்ளன. அவற்றுள் ஒன்றை இங்கே காண்போம்.

பகாங் மாநிலத்தின் பிரேசர் மலையிலும் கேமரன் மலையிலும் வாழும் இப்பறவையை ஆங்கிலத்தில் 'சில்வர் இயர்ட் மீசியா' என்பர். நாம் இதனை வெள்ளிக் காதுக் குருவி எனலாம். இது ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நீளமுடையது. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரியது, மைனாவைவிடச் சிறியது.

இதனை அடையாளம் காண மூன்று குறிகளை நினைவிற் கொள்வோம். முதலாவது தலை: கரிய தலையின் இருபுறத்திலும், கண்ணுக்குப் பின்னே, வெள்ளிக்காசு பதித்தாற் போன்ற வெண்திட்டு இருக்கும். இரண்டாவது அலகும் தொண்டையும்: அலகு மஞ்சள், தொண்டையும் மார்பும் ஆரஞ்சு கலந்த மஞ்சள். மூன்றாவது சிறகு: மடித்த சிறகில் ஒரு சிவப்புத் திட்டு தோன்றும். ஆண் பறவைக்கு வாலின் அடிப்பகுதியிலும் மேலும் கீழும் சிவப்பு நிறம் உண்டு. பெண்ணுக்கு அவ்விடம் மங்கியிருக்கும்.

இக்குருவியைத் தேடி அடர்காட்டினுள் நுழைய வேண்டுவதில்லை. புழுபூச்சிகளையும் சிறு பழங்களையும் உண்ணும் இது, சாலையோரப் புதர்களில் கூட்டமாகத் திரியும். இரவில் தெருவிளக்குகளை நாடி வந்து தங்கிவிட்ட விட்டிற்பூச்சிகளைத் தின்ன விடியற்காலையில் பறவைகள் பல அங்கு கூடும். அவ்வேளையில் ஓரிடத்தில் அசையாது, பேசாது நின்றால் போதும். மூடுபனியில் மற்ற நிறங்கள் மங்கினாலும் காதின் வெண்மை கண்ணுக்குப் புலப்படும்.

இதன் அழகும் இனிய குரலுமே இதற்குப் பகையாயின. கூண்டில் வளர்ப்போருக்கு விற்கப் பிடித்ததால், சுமத்ராவில் இதன் தொகை பெரிதும் குறைந்துவிட்டது. 1997 முதல் இதன் அனைத்துலக வணிகம் உடன்படிக்கை ஒன்றினால் கட்டுப்படுத்தப்படுகிறது. தீபகற்ப மலேசியாவில், பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

ஆகவே, விடுமுறையில் குடும்பத்துடன் மலைக்குச் செல்லும்போது இம்மூன்று குறிகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். எவரேனும் காட்டுக்குருவியை விலைக்குக் கொணர்ந்தால் வாங்க மறுப்போம். வாங்குவோர் இல்லையேல், பிடிப்போரும் இல்லை.