புரூஃப் நாணயங்களில் தமிழ் எழுத்து

காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த ஊற்றுமலை ஜமீனின் தலைநகர் வீரகேரளம்புதூர் என்பதை இலக்கிய மாணவர் அறிவர். மேற்கே உள்ள செங்கோட்டை 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரை மலையாள நாட்டோடு இணைந்திருந்தது. ஆதலின் இவ்வட்டாரத்துப் பழைய பெட்டிகளில் திருவிதாங்கூர்க் காசும் சக்கரமும் கிடைப்பது வியப்பன்று. 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். நாணயம் சேர்க்கத் தொடங்கும் இளைஞர் இவற்றைக் கண்டவுடன் குத்துவிளக்கைப் போலப் புளியிட்டுத் துலக்குவர். பழங்காசுக்கு அது கேடு. புரூஃப் நாணயத்திற்கோ அழிவு.

புரூஃப் நாணயம் என்பது புழக்கத்திற்கன்றிச் சேகரிப்போர்க்கெனத் தனியே அடிக்கப்படுவது. மெருகேற்றிய உலோக வில்லையை மெருகேற்றிய அச்சுகளுக்கிடையே வைத்து ஒரு முறைக்கு மேல் அழுத்துவர். தளம் கண்ணாடி போல் ஒளிரும். உருவமும் எழுத்தும் பெரும்பாலும் வெண்பனி படிந்தாற்போல் மங்கி மேலெழுந்து நிற்கும். துணியால் ஒரு முறை தேய்த்தாலும் அக்கண்ணாடியில் கீறல் விழும்.

தமிழ் மாணவர் இவற்றை ஏன் பார்க்க வேண்டும்? நாணயத்தில் தமிழைப் படிப்பது நமக்குப் புதிதன்று. இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்து வெளியிட்ட ‘பெருவழுதி’ நாணயம், சங்ககாலப் பாண்டியர் பெயரைத் தமிழ்-பிராமி எழுத்திலேயே காட்டிற்று. நம் காலத்தில், 2009இல் அண்ணா நூற்றாண்டுக்கென வந்த 5 ரூபாய் நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையொப்பம் பொறிக்கப்பெற்றது. புழங்கிய நாணயம் ஒன்றையும் புரூஃப் ஒன்றையும் அருகருகே வைத்து உருப்பெருக்கியால் நோக்குக. முன்னதில் தேய்ந்துபோன பேனாவின் நெளிவு, பின்னதில் தெளிவாகத் தெரியும். 2024இல் வெளியான கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயத்திலும் ‘தமிழ் வெல்லும்’ என்னும் தொடர் உண்டு. பிற்காலத்தார்க்கு இக்கால எழுத்தின் வடிவைச் சிதையாமல் கொண்டுசேர்ப்பவை புரூஃப் படிகளே என்பது நம் கருத்து.

வாங்குவோர்க்கு ஓர் எச்சரிக்கை. புழக்க நாணயத்தை மெருகிட்டுப் புரூஃப் என விற்பாரும் உளர். மும்பை அக்கசாலையின் புரூஃப் நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே 1995 வரை ‘பி’, 1996 முதல் ‘எம்’ என்னும் ஆங்கில எழுத்து உண்டு. கொல்கத்தா நாணயத்தில் குறி இராது. அதுகொண்டு போலி எனத் தள்ளலாகாது. விளிம்பின் கூர்மையையும் பார்த்தல் வேண்டும்.

குற்றாலச் சாரல் காலத்து ஈரம் வெள்ளிக்குப் பகை. அக்கசாலைப் பேழையிலிருந்து நாணயத்தை வெளியே எடாமல், அருகில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தல் நன்று. பி.வி.சி. உறை காலப்போக்கில் பசுமைப் பிசின் கக்கும், வேண்டா. எடுக்க நேர்ந்தால் விளிம்பை மட்டுமே பற்றுக.

நம் இல்லத்தார் கேட்கும் வினா ஒன்று: இவற்றிற்கு ஜகாத் உண்டா? மேற்கூறிய 100 ரூபாய் நாணயத்தின் எடை 35 கிராம். அதில் வெள்ளி பாதி, 17.5 கிராம். வெள்ளியின் நிஸாபை 595 கிராம் எனக் கொண்டால், 34 நாணயங்களில் அவ்வளவு வெள்ளி சேர்ந்துவிடும். கலப்பு உலோகத்திற்குரிய சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க.