கட்டடத் தொழிலும் காலக்கணக்கும்

கோபுரம் எழுப்பத் தொடங்கிப் பொருள் போதாமையால் நகைப்புக்கு இடமானவனைப் பற்றிய உவமை லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் உளது. அவன் எண்ணத் தவறியது பொருளை. காலத்தை எண்ணத் தவறுதலும் அதனினும் இளைத்த பிழையன்று. கட்டடம் குறித்த நாளில் முடியாமை பற்றி அறிஞர் ஆராய்ந்து கண்டவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி காண்ட் என்னும் அமெரிக்கர் வேலை ஒவ்வொன்றையும் ஒரு கோடாக வரைந்து, அது தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் காட்டினர். கண்ணுக்கு எளிய முறையே. எனினும் ஒன்று பிந்தினால் வேறு எவையெவை பிந்தும் என்பது அக்கோடுகளால் எளிதிற் புலப்படாது. 1957-இல் டூபாண்ட் கம்பெனியைச் சார்ந்த மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் கம்பெனியைச் சார்ந்த ஜேம்ஸ் கெல்லியும் கணிப்பொறியின் துணையோடு இக்குறையைத் தீர்க்க முயன்றனர். அவர் கண்ட முறைக்குக் 'கிரிட்டிகல் பாத்' என்பது பெயர். யாம் அதனை 'உயிர்நிலை வழி' என்போம்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். கான்கிரீட் கூரை வார்த்தபின் முட்டுக்கால்கள் 14 நாள் நிற்க வேண்டுமென்று கொள்வோம். அந்நாட்களில் தச்சர் தம் பட்டறையில் கதவுகளை 8 நாளில் முடிப்பாராயின், அவர் 6 நாள் பிந்தினும் கட்டடத்திற்குக் கேடில்லை. கூரை வார்ப்பதோ ஒரு நாள் பிந்தினும் முழுக் கட்டடமும் ஒரு நாள் பிந்தும். ஆகவே, விரைவு வேண்டுமிடம் ஒரு வழியே. ஏனைய வழிகளிற் சிறிது பொறுக்கலாம். தச்சரையும் கொத்தனாரையும் ஒருங்கே விரட்டும் மேஸ்திரி அறியாதது இதுவே.

இத்துணை நுண்ணிய கணக்கு வந்த பின்னரும் கட்டடங்கள் பிந்தின. காரணத்தை 1990-களில் ஆராய்ந்தோர் கிளென் பல்லார்டும் கிரெகரி ஹோவெலும் ஆவர். ஒவ்வொரு வாரமும் இன்னின்ன முடிப்போம் என உறுதி கூறப்பட்ட வேலைகளை அவர் எண்ணிப் பார்த்தனர்; முடிந்தவை நூற்றுக்கு ஏறத்தாழ 54 மட்டுமே! சோம்பலே காரணமென்று எண்ணுதல் தவறு. செங்கல் வாராமை, வரைபடம் கிட்டாமை, முந்தைய வேலை முடியாமை ஆகியவற்றை ஆராயாமலே உறுதி கூறப்பட்டமை பெருங்காரணமாயிற்று. செய்யவேண்டுவது வேறு, செய்யக்கூடுவது வேறு எனப் பிரித்து, களத்தில் நின்று வேலை வாங்குவோரே கூடுவதை மட்டும் ஏற்கவேண்டும் என்பது பல்லார்டு வகுத்த முறை. தவறிய வேலைக்கெல்லாம் காரணம் எழுதிவைத்தலும் அதன் பகுதி.

இது முற்றிலும் புதிதன்று என்பது எம் கருத்து. நெகேமியா எருசலேமின் அலங்கத்தைப் பங்குபங்காகப் பிரித்துப் பலரைத் தத்தம் வீட்டெதிரே கட்டச் செய்தனர். 52 நாளில் அது முடிந்தது. தோள் கொடாத தெக்கோவா ஊர்ப் பிரபுக்களின் குற்றமும் அவ்வேட்டில் மறவாது பொறிக்கப்பட்டுள்ளது!

இனி, ஒப்பந்தக்காரர் நிலையை நோக்குவோம். வேலையின்றிக் கெடுவாரினும், கையில் வேலை பலவிருந்தும் கைப்பணம் இன்றிக் கெடுவார் உளர். செய்த வேலைக்குப் பட்டியல் எழுதிப் பணம் பெறுமுன் கூலியும் சிமெண்டு விலையும் கொடுத்தாக வேண்டும். பெறும் பணத்திலும் ஒரு பகுதி பிடித்தமாக நின்றுவிடும். அதனாற் புதிய வேலையின் முன்பணத்தால் பழைய வேலையின் கடனை அடைக்கின்றனர். பின் புதியதும் நிற்கின்றது.

எம் விடுதியின் அருகே எழும் கட்டடத்தில் ஒருநாட் காலை மணல் வண்டி வரவில்லை. சித்தாட்கள் நால்வர் வேப்ப நிழலில் நண்பகல்வரை காத்திருந்து, கூலியின்றித் தூக்குச்சட்டியோடு திரும்பினர். அவ்வார வேலை தவறியதற்குக் காரணம் 'மணல் இன்மை' என்று ஏட்டில் ஏறக்கூடும். அந்நால்வர் இழந்த கூலி 54 என்னும் எண்ணில் அடங்குவதன்று.