அந்தப் பண்ணையைத் தாண்டிப் போகாதே

அன்பு மருமகனுக்கு,

நீ அனுப்பியதைப் படித்தேன். 'தி வாக்கிங் டெட்' தொடரின் பதினொரு சீசன்களையும், 177 எபிசோடுகளையும் பார்த்து முடித்துவிட்டாய் என்பதில் சந்தோஷம். ஆனால் விடுதியில் இப்போதுதான் பார்க்கத் தொடங்கும் நண்பர்களுக்கு நீ சொல்லிவரும் யோசனைதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது. முதல் சீசன் முடிந்ததும் நேராக மூன்றாவதுக்குப் போங்கள், நடுவில் இருப்பது வெறும் பண்ணைப் பஞ்சாயத்து என்கிறாய். அந்தப் பண்ணைப் பஞ்சாயத்துதான் இந்தத் தொடரின் அஸ்திவாரம். அதை ஏன் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேள். எல்லாவற்றையும் பார்த்தவன் நீ என்பதால் கதையை மறைக்காமல் பேசலாம்.

உன் புகார் புதிதல்ல. 2011 அக்டோபர் 16 அன்று இரண்டாவது சீசன் ஒளிபரப்பாகத் தொடங்கிய சில வாரங்களிலேயே இதே குரல் எழுந்தது. முதல் சீசனில் இருந்தவை ஆறே எபிசோடுகள். அட்லாண்டா நகரம், தெருவில் நின்ற பீரங்கி வண்டி, கடைசியில் வெடித்துச் சிதறும் நோய்த் தடுப்பு மையம் என்று ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாவது சீசனில் பதின்மூன்று எபிசோடுகள், பெரும்பகுதி ஒரே பண்ணையில். முதல் எபிசோடில் சோஃபியா என்ற சிறுமி காணாமல் போகிறாள், ஏழாவதில்தான் கிடைக்கிறாள். நடுவில் வேலி ஓரமும் சமையலறையிலும் கூடாரத்துக்கு வெளியிலும் நின்று பேசுகிறார்கள். இவ்வளவு புகாருக்குப் பிறகும் 2012 மார்ச் 18 அன்று வந்த இறுதி எபிசோடை அமெரிக்காவில் ஏறத்தாழ 90 லட்சம் பேர் பார்த்தார்கள். கூட்டம் பார்த்தது என்பதால் ஒன்று நல்லதாகிவிடாது. ஆனாலும் குறை சொன்னவர்கள் எழுந்து போகவில்லை என்பதைக் கவனி.

அந்தப் பண்ணை வீட்டிலேயே கதை அடைந்து கிடந்ததற்குப் பணமும் ஒரு காரணம். தொடரை உருவாக்கிய ஃபிராங்க் டாரபான்ட் ('தி ஷாஷாங்க் ரிடம்ப்ஷன்' எடுத்தவர்) இரண்டாவது சீசன் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 2011 ஜூலையில், ஏஎம்சி நிறுவனத்தால் நீக்கப்பட்டார். பொறுப்பு கிளென் மஸாராவிடம் போனது. எபிசோடுக்கான செலவும் குறைக்கப்பட்டது. டாரபான்ட் 2013இல் தொடுத்த வழக்கு 2021இல் 20 கோடி டாலரில் சமரசமாக முடிந்தது என்பதிலிருந்தே அந்தச் சண்டையின் அளவு புரியும். டேல் என்ற முதியவராக நடித்த ஜெஃப்ரி டிமன், டாரபான்ட் நடத்தப்பட்ட விதத்தில் மனம் கசந்து, தன் பாத்திரத்தைக் கொன்றுவிடும்படி தானே கேட்டுக்கொண்டதாகப் பின்னாளில் சொன்னார். இதையெல்லாம் பரிதாபம் தேடுவதற்காகச் சொல்லவில்லை. ஒரு படைப்பு எந்த நெருக்கடியில் உருவானது என்பது ஒரு கேள்வி. அந்த நெருக்கடியை அது என்னவாக மாற்றிக்கொண்டது என்பது வேறு கேள்வி. நீ முதல் கேள்விக்கான விடையை வைத்தே இரண்டாவதுக்கும் தீர்ப்பு எழுதுகிறாய்.

சோஃபியாவுக்கு வருகிறேன். நெடுஞ்சாலையில் கார்கள் அடைத்துக் கிடக்க, ஜாம்பிக் கூட்டம் ஒன்று கடந்து போகிறது. பயந்து காட்டுக்குள் ஓடும் அவளைக் கதாநாயகன் ரிக் துரத்திப் பிடித்து, ஓடைக்கரையில் ஒளித்து வைத்து, சூரியனை இடது தோளில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தால் நெடுஞ்சாலை வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போகிறான். திரும்பி வரும்போது அவள் இல்லை. அந்த நொடியிலிருந்து அவள் அவனுடைய கடன் ஆகிவிடுகிறாள். அவளைத் தேடப் போன காட்டில்தான் அவன் மகன் கார்ல் ஓட்டிஸ் என்பவனின் துப்பாக்கிக் குண்டில் அடிபடுகிறான். ஓட்டிஸ் குறிவைத்த மானுக்குப் பின்னால் நின்றிருந்தான் கார்ல். அவனைக் காப்பாற்றத்தான் எல்லோரும் ஓட்டிஸ் வேலை பார்க்கும் ஹெர்ஷலின் பண்ணைக்கு வருகிறார்கள். கார்லுக்கு வேண்டிய மருத்துவச் சாமான்களைத் தேடிப் போன இடத்தில்தான் ரிக்கின் நண்பன் ஷேன், தான் தப்பிப்பதற்காக, அதே ஓட்டிஸின் காலில் சுட்டு அவனை ஜாம்பிகளிடம் விட்டுவிட்டு ஓடி வருகிறான். தேக்கம் என்று நீ சொல்லும் பகுதியின் முதல் மூன்று எபிசோடுகள் மட்டுமே இவை.

அதற்குப் பிறகு வேகம் குறைகிறது, உண்மை. ஆனால் தேடல் என்பது அப்படித்தான். காணாமல் போன பிள்ளையைத் தேடும் வீட்டில் நாட்கள் எப்படி நகரும்? காலையில் கிளம்புவார்கள், மாலையில் வெறுங்கையோடு திரும்புவார்கள், யாரும் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார்கள். மூன்றாம் நாள் ஒருவர் மெல்ல ஆரம்பிப்பார், இனித் தேடிப் பயன் இல்லை என்று. அதைச் சொன்னவர்மேல் எல்லோருக்கும் கோபம் வரும். சொன்னதில் உண்மை இருக்கிறதே என்பதால்தான் அந்தக் கோபம். தொடர் இதைத் தாவிப் போகாமல் காட்டியது. நீ ஏழு எபிசோடுகளை ஒரே இரவில், அதுவும் வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். அன்று பார்த்தவர்களுக்கு அக்டோபர் 16 முதல் நவம்பர் 27 வரை ஆறு வாரம் அந்தப் பெண் காணாமல் போயிருந்தாள். சலித்துக்கொண்டார்கள், திட்டினார்கள், அவளைப் பற்றி நினைப்பதையே நிறுத்தினார்கள். ஷேனும் அதைத்தான் செய்தான். பார்ப்பவனையும் அவன் நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் கொட்டகைக் கதவு திறக்கிறது.

அந்தக் காட்சியை மறுபடி நினைத்துப் பார். ஹெர்ஷல் கால்நடை மருத்துவர். கொட்டகைக்குள் அடைத்து வைத்திருப்பவர்களை நோயாளிகள் என்றே நம்புகிறார்; அவருடைய மனைவியும் மனைவியின் மகனும் உள்ளே இருக்கிறார்கள். ஷேன் பூட்டை உடைக்கிறான். வெளியே வரும் ஒவ்வொருவரையும் சுட்டுத் தள்ளுகிறார்கள். ஹெர்ஷல் மண்டியிட்டபடியே பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லாம் ஓய்ந்த பிறகு கடைசியாக ஒரு சிறு உருவம் தட்டுத்தடுமாறி வருகிறது. அதுவரை வீரம் பேசிச் சுட்டுக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றுவிடுகின்றன. முன்னால் வந்து சுடுவது ரிக். தேடு, நம்பிக்கையை விடாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தவன்தான் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. ஸ்காட் கிம்பிள் எழுதி மிஷேல் மெக்லாரன் இயக்கிய அந்தக் காட்சியில் கிட்டத்தட்ட வசனமே இல்லை. ஓட்டிஸ்தான் அவளைப் பிடித்து அங்கே அடைத்திருப்பான் என்று அடுத்த எபிசோடில் ஹெர்ஷல் சொல்கிறார். அப்படியானால் அவர்கள் காடெல்லாம் தேடிய அத்தனை நாளும் அவள் கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறாள். அந்த ஆறு வாரத்தைக் கத்தரித்துவிட்டு இந்த ஒரு நிமிடத்தை மட்டும் பார்ப்பவனுக்கு எதுவுமே கிடைக்காது.

இன்னொரு செய்தி. ராபர்ட் கிர்க்மன் 2003 முதல் 2019 வரை எழுதிய மூலச் சித்திரக்கதையில் சோஃபியா சாகவே மாட்டாள். கடைசி வரை வாழ்கிறாள். ஷேனோ அங்கே தொடக்கத்திலேயே, ஆறாவது இதழில், இறந்துவிடுகிறான். தொலைக்காட்சிக்காரர்கள் அவனை உயிரோடு வைத்தார்கள், அவளைக் கொன்றார்கள். புத்தகத்தைப் படித்திருந்தவர்களும் அன்று அதிர்ந்து போனார்கள். துணிந்து எடுத்த முடிவு அது. ஷேனுக்குக் கிடைத்த அந்தக் கூடுதல் ஆயுள்தான் இந்த சீசனின் முதுகெலும்பு.

ஷேன் சொன்னதே சரி என்று நீ எழுதியிருக்கிறாய். தேடிப் பயன் இல்லை என்றான், பயன் இருக்கவில்லை. கொட்டகை ஆபத்து என்றான், ஆபத்தாகத்தான் இருந்தது. கணக்கில் அவன் தவறவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். எழுதியவர்கள் அவனை முட்டாளாகக் காட்டி நம் வேலையைச் சுலபமாக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை என்பதுதான் நான் இந்த சீசனை மதிக்கும் முக்கியக் காரணம். சரியாகக் கணக்குப் போடுகிறவன் யாரை வேண்டுமானாலும் ஓட்டிஸ் ஆக்கலாம் என்பதையும் அவர்கள் கூடவே காட்டுகிறார்கள். நாளைக்கு உன் காலில் காயம் பட்டால், உன்னோடு மருந்து தேடி வருவது யாராக இருக்க வேண்டும் என்று விரும்புவாய்? ஜான் பெர்ந்தாலின் நடிப்பில் அந்த மனிதன் கெட்டவனாகத் தெரிவதே இல்லை, பயந்தவனாகத்தான் தெரிகிறான். அதனால்தான் உனக்கு அவனைப் பிடித்திருக்கிறது. பிடிக்கட்டும். ஆனால் அவன் பேசும்போது சுற்றியிருப்பவர்கள் எந்த முகத்தோடு அவனைப் பார்க்கிறார்கள் என்பதையும் ஒருமுறை பார்.

ஜாம்பிக் கதையில் வீட்டுக்குள் நின்று விவாதம் பண்ணலாமா என்பது உன் இன்னொரு கேள்வி. இந்த வகைக் கதைக்கு இன்றைய வடிவம் கொடுத்ததே ஒரு பண்ணை வீட்டு விவாதம்தான். ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' 1968இல் வந்தது. பென்சில்வேனியாவில் ஒரு பண்ணை வீடு, ஒரே இரவு. மேல்தளத்தில் நின்று எதிர்ப்பதா, நிலவறையில் கதவைச் சாத்திக்கொள்வதா என்று உள்ளே இருப்பவர்கள் முட்டிக்கொள்கிறார்கள். அந்த நிலவறையில் நோயுற்றுக் கிடக்கும் சிறுமி எழுந்து தன் தாயையே கொல்கிறாள். வெளியே நிற்கும் பிணங்களைவிட உள்ளே இருக்கும் மனிதர்களின் ஒவ்வாமைதான் அந்தப் படத்தில் அதிகம் அழிக்கிறது. அதே பண்ணை வீட்டில் ஒரே இரவுக்குப் பதிலாகப் பல நாள் தங்க வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தது இரண்டாவது சீசன்.

பின்பாதியில் எதுவும் நடக்கவில்லை என்பதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். மதுக்கடையில் ரிக் இரண்டு பேரைச் சுடுகிறான். உலகம் சரிந்த பிறகு அவன் கொல்லும் முதல் உயிருள்ள மனிதர்கள் அவர்கள். அங்கிருந்து கொண்டுவந்த ராண்டல் என்ற பையனைக் கொல்வதா விடுவதா என்று பதினோராவது எபிசோட் முழுக்கப் பேசுகிறார்கள். டேல் ஒவ்வொருவரிடமாகப் போய்க் கெஞ்சுகிறார். ஊர்க் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அந்த எபிசோட் நன்றாகவே புரியும்: யாரும் கொலைக்கு ஆதரவு என்று உரக்கச் சொல்வதில்லை, தலையைக் குனிந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான். ஆண்ட்ரியா ஒருத்தி மட்டும் கடைசியில் டேல் பக்கம் நிற்கிறாள். ரிக் துப்பாக்கியைத் தூக்கும்போது அங்கே வந்து நிற்கும் கார்ல், சுடச் சொல்கிறான். மகன் வாயிலிருந்து அதைக் கேட்டதும் ரிக்கால் முடியவில்லை.

அதே கார்ல்தான் சேற்றில் சிக்கியிருந்த ஒரு ஜாம்பியைக் கல்லெறிந்து சீண்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வந்தவன். அது பிடுங்கிக்கொண்டு வந்து அன்றிரவே டேலைக் குதறுகிறது. அடுத்த எபிசோடில் ரிக் ஷேனைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். கடி படாமலேயே எழுந்து வரும் ஷேனைக் கார்ல் சுடுகிறான். அந்த வெடிச் சத்தம்தான் பெருங்கூட்டத்தைப் பண்ணைக்கு இழுத்து வருகிறது. பண்ணை எரிகிறது. எங்கிருந்தோ வந்து விழுந்த ஆபத்து ஒன்றுகூட இல்லை, பார்த்தாயா? ஒவ்வொன்றும் முன்பு நடந்த ஒன்றின் விளைவு. பின்னால் வந்த நீளமான போர் சீசன்களில் நான் அதிகம் ஏங்கியது இந்தக் கண்டிப்புக்குத்தான்.

குறைகள் இல்லையா என்றால், இருக்கின்றன. ரிக்கின் மனைவி லோரியை எழுதிய விதம் அநியாயம். ஒரு நாள் ரிக்கை ஷேனுக்கு எதிராகத் தூண்டுகிறாள், அவன் ஷேனைக் கொன்றதும் அருவருத்து விலகுகிறாள். நடுவே அவள் மனதில் என்ன ஓடியது என்று காட்ட யாருக்கும் நேரம் இருக்கவில்லை. காரைக் கவிழ்க்கும் அந்தப் பயணமும் கதை நகர வேண்டும் என்பதற்காக அவள் தலையில் கட்டப்பட்டது. குழுவில் இருந்த டி-டாக்குக்குச் சீசன் முழுக்கப் பேச வரிகளே கொடுக்கவில்லை, அது இன்னும் வருத்தம். இவற்றை நீ சொன்னால் மறுபேச்சு இல்லை.

ஆனால் உன் நண்பர்கள் நேராக மூன்றாவது சீசனுக்குப் போனால் யாரைச் சந்திப்பார்கள்? காரணமே தெரியாமல் கல்லாகிப் போன ஒரு ரிக்கை. சிறைச்சாலையில் காலை இழக்கும் ஹெர்ஷல் அவர்களுக்கு யாரோ ஒரு கிழவர். நான்காவது சீசனில் அவர் கொல்லப்படும்போதும் அப்படியேதான். ஸ்காட் வில்சன் அந்த முதியவரைப் பிடிவாதத்திலிருந்து குடிக்கும், குடியிலிருந்து தெளிவுக்கும் கொண்டுபோனது இந்தப் பண்ணையில்தான். மகள் சோஃபியாவின் அடக்கத்துக்கு வர மறுத்துவிடும் கேரலையும் அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அப்புறம் மெலிஸ்ஸா மெக்ப்ரைட் 2022 வரை இந்தத் தொடரில் அந்தப் பாத்திரத்தில் செய்ததெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்?

ஆகவே அவர்களுக்குச் சொல்லும் யோசனையை மாற்றிக்கொள். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் பார்க்க வேண்டாம், வேகத்தைக் கூட்ட வேண்டாம், ஏழாவது முடிந்ததும் சில நாள் நிறுத்திவைக்கச் சொல். அன்று ஒளிபரப்பிலும் பிப்ரவரி 12 வரை இடைவெளி இருந்தது. நீயும் பதினோராவது எபிசோடை மட்டுமாவது திரும்பப் பார். டேல் வெகுளி என்று எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றி உன்னோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது பேசுவோம்.

அன்புடன்,
மாமா